கறுப்புத் தட்டு முதல் இழப்பில்லாக் கோப்பு வரை: சப்ரகமுவத் தோட்டங்களின் பாட்டுச் சேகரம்

இரத்தினபுரியில் 1960களின் நடுப்பகுதியில் சில இளைஞர்கள் கிற்றாரும் கையுமாகக் கூடி ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார்கள். ஹப்புத்தளையில் 1943ஆம் ஆண்டு பிறந்து, தோட்டத்துறை வேலையாக இந்தப் பக்கம் வந்திருந்த கிளாரன்ஸ் விஜேவர்தன மெட்டமைத்தார். அனஸ்லி மாலேவன பாடினார். இரத்தினக்கல் ஊரில் பிறந்த குழுவுக்கு ஒரு கல்லின் பெயரையே வைத்து மூன்ஸ்டோன்ஸ் என்று அழைத்தார்கள். இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் விஜய கொரயா அவர்களை ஒலிபரப்பில் அறிமுகப்படுத்தினார். 'மேங்கோ களு நந்தே', 'ருவன் புரய', 'ரோஸ மலே' என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுகள் நாடெங்கும் பரவின. இந்திராணி பெரேரா இந்தக் குழுவோடு பாடிய 'தில்ஹானி' இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாருக்கு நிலையான இடம் வாங்கிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

மூன்ஸ்டோன்ஸின் எல்லாப் பாட்டையும் ஒன்றுவிடாமல், மூலத் தட்டின் ஒலி கெடாமல் சேர்க்கவேண்டும் என்று இன்று ஒருவர் புறப்பட்டால் அவர் முன்னால் மலையளவு வேலை இருக்கிறது. அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் ஏழு அங்குல இ.பி. தட்டுகளில் வந்தவை. நிமிடத்துக்கு 45 சுற்று, வழக்கமாகப் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கிளாரன்ஸ் பிறகு கோல்டன் சைம்ஸ் குழுவைத் தொடங்கினார்; அதன்பின் அவரும் மாலேவனவும் சேர்ந்து சூப்பர் கோல்டன் சைம்ஸ் என்று பாடினார்கள். பழைய பாட்டுகளில் சில புதிய வாத்தியங்களோடு திரும்பவும் பதிவாகின; கஸெட்டிலும் இறுவட்டிலும் தொகுப்புகளாக வந்தன. ஒரே பாட்டு மூன்று நான்கு வடிவங்களில் கிடைக்கிறது. எது முதற்பதிவு, எது மறுபதிவு என்று பிரித்தறிவதுதான் சேகரிப்பவரின் முதல் வேலை.

அதற்கு அவர் தட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நடுவிலே ஒட்டிய லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் பாட்டில்லாத ஒரு மினுங்கும் வளையம் இருக்கும். அங்கே ஊசியால் கீறியோ முத்திரை குத்தியோ சில எழுத்தும் எண்ணும் தெரியும். தட்டு எந்த அச்சிலிருந்து வார்க்கப்பட்டது என்பதை அந்த எண் சொல்லும். லேபிளில் பெயர் தவறியிருக்கலாம், உறை மாறியிருக்கலாம். அந்த எண் மாறாது. லேபிள், வரிசை எண், பக்கம், பாடகர், பாட்டெழுதியவர், இசையமைத்தவர், ஆண்டு ஆகியவற்றை ஒழுங்காக எழுதிவைத்தால் அதுவே ஒரு குழுவின் முழு இசைப் பட்டியல். கொழும்பில் சூரியா லேபிளை நடத்திய ஜெரால்ட் விக்கிரமசூரிய போன்ற தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்து இளம் குழுக்களைத் தட்டில் ஏற்றியதால்தான் இன்றைக்குத் தேடுவதற்கென்று ஒரு பொருளாவது இருக்கிறது.

அதே இரத்தினபுரியும் பக்கத்துக் கேகாலையும் சேர்ந்ததுதான் சப்ரகமுவ. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். லயங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பாடிவந்திருக்கின்றன. காமன் கூத்து ஆடியிருக்கின்றன. அந்தப் பாட்டுகளுக்கு அச்செண்ணும் கிடையாது, லேபிளும் கிடையாது. வெளியிலிருந்து வந்த பாட்டைச் சேர்ப்பதில் நூறு வருஷம் பழகிய இந்தத் தோட்டங்கள், தங்கள் சொந்தப் பாட்டை அதே கவனத்தோடு சேர்க்கவேண்டிய வேளை இது. அந்த நூறு வருஷக் கதையைத் தெரிந்துகொண்டால் ஏன் இவ்வளவு அவசரம் என்பது புரியும்.

கதை ரயிலோடு தொடங்குகிறது. களனிப் பள்ளத்தாக்கில் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய குறும்பாதை ரயில் 1903இல் யட்டியாந்தோட்டையை எட்டியது. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டியும் இறப்பரும் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் துணியும் கருவாடும் மலைக்கு ஏறின. பாட்டுப்பெட்டியும் அந்த வழியாகத்தான் இந்த மலைகளுக்கு வந்திருக்கும். இலண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் வந்திறங்கி இந்தியக் குரல்களைப் பதியத் தொடங்கியிருந்தார். சில ஆண்டுகளுக்குள் தமிழ்ப் பாட்டுகளும் தட்டில் ஏறிக் கடைக்கு வந்தன.

அந்தத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. பத்து அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே. கீழே விழுந்தால் ஓடு உடைவதுபோல உடையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடவேண்டும். பழைய ஊசியோடு ஓட்டினால் பள்ளம் தேய்ந்துபோகும். துரை பங்களாவிலும் பெரிய கங்காணி வீட்டிலும் நகரத்துக் கடைகளிலும் பெட்டி பாடியது. லயத்துக்கு அது எட்டாத பொருள். 1920களின் கடைசியில் தோட்டத் தொழிலாளருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானபோது ஒரு ஆணின் நாட்கூலி 50 சதத்தை ஒட்டியே இருந்தது. கடன், அரிசிக் கணக்கு என்று அதிலும் பிடித்தம் போகும். சம்பள நாளன்று டவுனுக்குப் போனவர்கள் கடை வாசலில் நின்று பாட்டைக் கேட்டார்கள். மனதில் பிடித்துக்கொண்டு வந்து லயத்தில் பாடினார்கள். அந்தக் காலத்துச் சேகரம் அவ்வளவுதான்.

அதே ஆண்டுகளில் தோட்டத்திலேயே புதிய பாட்டுகள் பிறந்தன. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் தொழிலாளியின் துயரத்தைப் பாட்டாக எழுதி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டுப் பரப்பினார்கள். கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாடத் தொடங்கினால் கூட்டம் தானாகச் சேரும் என்று மலையக வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். இன்று நமக்குக் கிடைப்பவை அந்தப் பிரசுரங்களின் வரிகள். அந்தக் குரலை நாம் கேட்டதில்லை.

1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் முன்னின்று நடத்திய அந்த ஒலிபரப்பு ஆசியாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்றது. 1950 செப்டம்பரில் வர்த்தக சேவை ஆரம்பமானது. இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952இல் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று ஒதுக்கியபோது, இந்திய ரசிகர்கள் கொழும்பு அலைவரிசைக்குத் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் தேநீர்க்கடைகள்தோறும் ஒலித்த 'இலங்கை வானொலி' அப்படி எழுந்ததுதான். எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்குநீரிணையின் இரு கரைக்கும் பொதுவாயின. ஒலிபரப்புக்காக வாங்கிச் சேர்த்த தட்டுகளால் கொழும்பு வானொலியின் இசைத்தட்டு நூலகம் பெருகியது. இந்தியாவிலேயே கிடைக்காத பழைய சினிமாப் பாட்டுகள் அங்கே உண்டு என்று சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிப்போகிறார்கள்.

லயத்துக்குப் பாட்டு உண்மையாக வந்து சேர்ந்தது டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். பெரும்பாலான லயன் காம்பராக்களில் மின்சாரம் இல்லை. பற்றரியில் ஓடும் சிறிய ரேடியோவை ஒருவர் வாங்கினால் லயம் முழுக்கக் கேட்கும். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் பக்திப் பாட்டு, அதன்பின் 'பொங்கும் பூம்புனல்', மாலையில் நேயர் விருப்பம். விருப்பப் பாட்டுக்கு அனுப்பும் தபாலட்டையில் பெயர், பிரிவு, தோட்டம், தபாலகம் என்று முழு முகவரியும் எழுதுவார்கள். அதை அறிவிப்பாளர் வாசிக்கும்போது, வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத ஒரு தோட்டத்தின் பெயர் நாடு முழுக்கக் கேட்கும். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ரேடியோவில் கேட்ட வரிகளைக் கொப்பியில் எழுதிவைத்தார்கள்; சினிமாத் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கி விடுபட்ட வரியை நிரப்பினார்கள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று நான்கு கோடு போட்ட அந்தக் கொப்பிகள்தான் தோட்டத்தின் முதல் இசைப் பட்டியல்கள்.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நுவரெலியாப் பக்கம்போலத் தொடர்ச்சியாகத் தோட்டமே விரிந்து கிடக்காமல், இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் நடுவில் சிங்களக் கிராமம் இருக்கும். தெரணியகல, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, கஹவத்த, இறக்குவானை, பலாங்கொடை எங்கும் அதே நிலை. ஆகவே இங்கே வளர்ந்த பிள்ளைக்கு டி.எம். சௌந்தரராஜனும் தெரியும், எச்.ஆர். ஜோதிபாலவும் தெரியும். சிங்களத் திரையிசையிலும் தமிழரின் கை இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து வானொலி வாத்தியக் குழுவில் வாசித்த ஆர். முத்துசாமி சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார். சேலத்திலிருந்து வந்த முகைதீன் பேக் சிங்களவரின் வெசாக் பண்டிகைக்கே பாட்டுக் கொடுத்தார். 1960களின் பிற்பகுதியில் மூன்ஸ்டோன்ஸ் பாட்டுகள் பரவிய அதே காலத்தில், தமிழிலும் பொப்பிசை கிளம்பியது. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார். இந்தப் பாட்டுகளெல்லாம் தோட்டத்து ரேடியோவில் ஒன்றாகத்தான் ஒலித்தன. இரண்டு மொழிப் பாட்டையும் ஒரே கொப்பியில் எழுதிவைத்த ஊர் சப்ரகமுவ.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட கஸெட், இந்த மலைகளில் பெருகியது 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது ரேடியோவும் கஸெட்டும் சேர்ந்த செட் ஒன்று கூடவே வந்தது. இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, அவிசாவளை நகரங்களில் ரெக்கோடிங் பார்கள் முளைத்தன. வாடிக்கையாளர் ஒரு துண்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுப்பார். கடைக்காரர் தட்டையும் மூலக் கஸெட்டையும் தேடியெடுத்து, ஒவ்வொன்றாகப் பதிந்து, பட்டியலை உறைக்குள் மடித்துவைத்துக் கொடுப்பார். அறுபது நிமிடக் கஸெட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அந்த அறுந்த இடத்தோடேயே அதை மனப்பாடம் செய்தவர்கள் பலர். கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கும் இந்தப் பார்கள்தான் கைகொடுத்தன.

கஸெட் இன்னொரு பெரிய மாற்றத்தையும் செய்தது. முதல்முறையாகத் தோட்டத்து மனிதர் தன் குரலைத் தானே பதிய முடிந்தது. வெளிநாட்டில் வேலைசெய்த மகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த நாடா போனது. கையில் செட் வைத்திருந்தவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் காமன் கூத்துப் பாட்டையும், அருச்சுனன் தபசையும், பாட்டியின் தாலாட்டையும் பிடித்துவிடலாம். இன்று பெட்டகத்திலும் அட்டாளையிலும் பேரில்லாமல் கிடக்கும் நாடாக்களில் தேடவேண்டியது இவற்றைத்தான். சினிமாப் பாட்டுக்கு வேறு பிரதி எங்காவது கிடைக்கும். பாட்டியின் தாலாட்டுக்கு உலகத்தில் அந்த ஒரு நாடாதான்.

எத்தனை நாடா மிஞ்சியிருக்கும்? சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாறு பொருளைக் கட்டிக்காக்க விட்ட வரலாறு இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணிக்கை போட்டது. அடுத்த ஆண்டுகளில் குடும்பங்கள் தலைமன்னார்க் கப்பலேறி இராமேஸ்வரம் போய், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிதறின. பெட்டியில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும்போது பாட்டுக்கொப்பிக்கு இடம் கிடைத்த வீடுகள் எத்தனை? இங்கேயே நின்றவர்களையும் காலம் விடவில்லை. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களோடு, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. பலர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள்.

மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 2003 மே மாத வெள்ளத்திலும் 2017 மே மாத வெள்ளத்திலும் களுகங்கை ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் வராத வீட்டிலும் ஈரம் போதும். பழைய கஸெட் ஒன்றைக் கண்ணாடி சன்னல் வழியாக உற்றுப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல வெள்ளைப் படலம் தெரியும். அது பூஞ்சணம். அப்படியே செட்டில் போட்டு ஓட்டினால் நாடா ஒட்டி அறும். ஓட்டும் தலையும் அழுக்காகும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் தொற்றும். அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். இரும்புத்தூள் பூச்சு நாடாவை விட்டு மெல்லக் கழன்றுகொண்டிருக்கும். கஸெட்டுக்கு வயது நாற்பது கடந்துவிட்டது; காத்திருக்க நேரமில்லை.

1990களின் கடைசியில் எம்பி3 வந்தபோது பாட்டுச் சேகரம் எளிதானது போலத் தோன்றியது. ஒரு இறுவட்டில் 12 பாட்டு இருந்த இடத்தில் 140, 150 பாட்டுகள் அடைந்தன. நகரத்துக் கடைகளில் எம்.ஜி.ஆர். ஹிட்ஸ், இளையராஜா ஹிட்ஸ் என்று கட்டுக் கட்டாக விற்றார்கள். ரெக்கோடிங் பார்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. பழைய தட்டுகள் குப்பைக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. மனிதக் காது அவ்வளவாகக் கவனிக்காது என்று கணக்கிட்ட ஒலிப்பகுதிகளை எம்பி3 வெட்டியெறிகிறது. இறுவட்டின் ஒலியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தரவு ஓடும். அந்தக் கடைகளில் பதிந்த எம்பி3யில் பெரும்பாலும் 128. பதினொன்றில் ஒரு பங்கு. வெட்டிய பகுதி திரும்பி வராது. அதைவிடப் பெரிய நட்டம் பெயர்கள். கொப்பியில் நான்கு கோடு போட்டு எழுதிய பாடகரும் கவிஞரும் இசையமைப்பாளரும் மறைந்து, 'டிராக் 07' என்று மட்டும் மிஞ்சியது.

இதற்கு விடையாக வந்ததுதான் இழப்பில்லாக் கோப்பு. ஜோஷ் கோல்சன் என்ற நிரலாளர் 2000இல் எழுதத் தொடங்கி, 2001 ஜூலையில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்ட ஃபிளாக் வடிவம் இலவசமானது, யாருக்கும் உரிமைப்பணம் கட்டவேண்டியதில்லை. ஒலித்தரவை ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கும். விரித்தால் ஒரு பிட் கூடக் குறையாமல் மூலம் அப்படியே வரும். மூல ஒலியின் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண்ணையும் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் கோப்பு கெட்டிருக்கிறதா இல்லையா என்று கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பாடகர், ஆண்டு, லேபிள், அச்செண் எல்லாவற்றையும் கோப்போடு சேர்த்தே எழுதலாம். கொப்பியில் போட்ட நான்கு கோடு திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆனால் பெயருக்கு ஃபிளாக் என்றிருப்பதெல்லாம் மூலம் ஆகிவிடாது. எம்பி3யை எடுத்து ஃபிளாக்காக மாற்றி விற்பவர்களும் பகிர்பவர்களும் உண்டு. அலைவரிசைப் படத்தைக் கணினியில் விரித்துப் பார்த்தால் கள்ளம் வெளிப்படும். நல்ல பதிவில் ஒலி 20 கிலோஹேர்ட்ஸ் வரை மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்ததென்றால் 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோடாக நின்றுவிடும். மூன்ஸ்டோன்ஸ் பாட்டுகளைத் தேடுகிறவர்கள் முதலில் பழகவேண்டிய பரிசோதனை இது.

மூலத் தட்டிலிருந்து நேராகப் பதிவதற்கும் முறை இருக்கிறது. தட்டைக் காய்ச்சி வடித்த நீரால் மென்மையாகக் கழுவவேண்டும். அரக்குத் தட்டில் மதுசாரம் படவே கூடாது, கரைந்துவிடும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு இ.பி. தட்டின் ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். கஸெட்டென்றால் ஓட்டும் தலையின் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் திருப்பித் திருப்பிக் காது கேட்டுச் சரிசெய்யவேண்டும். அந்தச் சிறு திருகாணியின் கால்வாசித் திருப்பத்தில் மங்கிக் கிடந்த குரல் பளிச்சென்று எழும். பதிவு 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் என்பது உலக ஒலிக்காப்பகங்கள் விரும்பும் அளவு. இந்த அளவில் ஒரு மணி நேரம் சுருக்காமல் சுமார் 2 கிகாபைட் வரும். ஒரு டெராபைட் வன்தட்டில் 450 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஒரு தோட்டத்தின் கஸெட் முழுவதற்கும் அது போதும். முதலில் பதிந்த கோப்பில் கை வைக்கக் கூடாது. இரைச்சல் நீக்குவதெல்லாம் பிரதியில்தான்.

இவ்வளவு நுட்பமும் ஒரு சிங்கள பொப் குழுவுக்குச் செல்லும் என்றால், லயத்துப் பாட்டுக்கு ஏன் செல்லாது?

எழுத்தில் நம் முன்னோடிகள் கடமையைச் செய்திருக்கிறார்கள். மடக்கும்புறத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாரல்நாடன் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதினார். அவர்கள் இல்லாவிட்டால் இன்று வரிகள்கூடக் கிடைத்திரா. ஆனால் அச்சு வரியை மட்டும் வாங்கும். கொழுந்துக் கூடையோடு மலையேறும் மூச்சு எங்கே பாட்டை வெட்டியது, ஒப்பாரியில் எந்த உயிரெழுத்தை எவ்வளவு நேரம் இழுத்தார்கள், தப்பின் அடி எங்கே மாறியது, இறப்பர் மலையில் ஒருவர் தொடங்கிய வரியை அடுத்த வரிசையிலிருந்தவர் எப்படி ஏற்றுப் பாடினார் என்பதெல்லாம் ஒலியில்தான் இருக்கும். சப்ரகமுவத் தாலாட்டில் இடையிடையே சிங்களச் சொல் புகுந்து வரும்போது அதைத் தமிழ் நாக்கு எப்படி வளைத்தது என்பதும் கேட்டால்தான் தெரியும்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து, மலையக நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஒலி, ஒளிப்படம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றுக்கும் நூலக நிறுவனம் ஆவணகம் என்ற தளத்தை நடத்துகிறது. 2023இல் மலையக மக்கள் வந்த 200ஆவது ஆண்டு நினைவுகூரப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடைக்குப் பின்னால் எழுந்த அக்கறை ஒலிப்பக்கமும் திரும்பவேண்டும். வைக்க இடம் இருக்கிறது, பதிய மென்பொருள் இலவசம். நாடாக்கள் மட்டும்தான் வீடுகளிலிருந்து வெளியே வரவில்லை.

மூன்ஸ்டோன்ஸ் சேகரிப்பாளர் ஒரு தட்டுக்குக் கொடுக்கும் மரியாதை ஒவ்வொரு லயத்துப் பாட்டுக்கும் உரியது. பாடியவர் பெயர், வயது, தோட்டம், பிரிவு, பதிந்த நாள், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடியது, யாரிடம் கற்றது என்று ஒரு தாளில் எழுதவேண்டும். ஒரே தாலாட்டு யட்டியாந்தோட்டையில் ஒருவிதமாகவும் இறக்குவானையில் வேறுவிதமாகவும் பாடப்பட்டால் இரண்டும் சேகரத்துக்கு வேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? பாடியவரின் சம்மதமும், அவர் இல்லையென்றால் குடும்பத்தின் சம்மதமும் வாங்கவேண்டும். வெளியான இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை கலைஞருக்கும் தயாரிப்பாளருக்கும் உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அதைக் காக்கிறது. சேகரிப்பது வேறு, விற்பது வேறு.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இருந்தாலும் சரி, அங்கிருந்து கிளிநொச்சிக்கோ கோத்தகிரிக்கோ போனவர்களின் பிள்ளைகளாக இருந்தாலும் சரி, இந்த வாரம் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். கஸெட் இருந்தால் உடனே செட்டில் போட்டு ஓட்டவேண்டாம். மேலே பேனாவால் எழுதியிருப்பதை ஒரு தாளில் பெயர்த்தெழுதுங்கள். எழுத்து அழிந்திருந்தால் வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பதியத் தெரிந்த ஒருவரிடம், பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ நூலகம் போன்ற நிறுவனத்திலோ, கொண்டுபோய்க் கொடுத்து ஃபிளாக்காகவோ வேவ் கோப்பாகவோ பதிந்து வாங்கி, மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். கஸெட் ஒன்றும் இல்லையென்றால் கையிலிருக்கும் தொலைபேசியில் சுருக்காத பதிவைத் தெரிவுசெய்துகொண்டு, பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் பாடி முடித்ததும் அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள்.